கட்டலினாவுக்குச் சக்கரம் உண்டா இல்லையா? 1/48 கட்டுமானக் குறிப்புகள்

பிப்ரவரி 11, வாசகர் ஒருவர் எழுதியது

"நேற்று நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். கட்டலினா என்ற பறக்கும் படகு விமானத்தின் 1/48 அளவு (அசலில் 48-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாதிரி கிட்டில் பக்கவாட்டுச் சக்கரக் குழி இரண்டையும் பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்திருக்கிறீர்கள். மூக்குக்கு அடியில் இருக்கும் கதவையும் காணோம். கட்டலினாவுக்குச் சக்கரம் உண்டு சார். அருங்காட்சியகங்களில் சக்கரத்தில்தானே நிற்கிறது? இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிட்டைக் கெடுத்துவிட்டீர்கள் என்பது என் கருத்து."

பிப்ரவரி 11, இரவு

உண்டு, இல்லை, இரண்டுமே சரி. இந்த விமானம் 1935-இல் முதன்முதலாகப் பறந்தபோது அது சுத்தமான பறக்கும் படகு. தண்ணீரில் இறங்கும், தண்ணீரிலிருந்து கிளம்பும், அவ்வளவுதான். உள்ளிழுக்கும் சக்கரம் வைத்த வகையைப் பிறகுதான் சேர்த்தார்கள். அதுதான் பிபிஒய்-5ஏ. போர் முடிந்த பிறகு தீயணைக்கவும் சரக்கு ஏற்றவும் தரையில் இறங்கக்கூடிய விமானம்தான் பயன்பட்டது. அதனால் அந்த வகைதான் அதிகம் பிழைத்திருக்கிறது, அருங்காட்சியகங்களிலும் அதைத்தான் பார்க்கிறீர்கள். கிட் செய்கிறவர்களும் அதையே செய்கிறார்கள்.

நான் கட்டுவது 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு குறிப்பிட்ட விமானம். எண் ஏஜே155, எழுத்து க்யூஎல்-ஏ. அது சக்கரம் இல்லாத வகை. சக்கரத்தை விட்டுவைத்தால் அது வேறு யாரோ ஓட்டிய விமானமாகிவிடும்.

பிப்ரவரி 12

இரண்டு பேர் "அது யாருடைய விமானம்" என்று கேட்டுவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

லெனார்ட் பர்ச்சல், கனடா விமானப்படையின் 413-வது ஸ்குவாட்ரன். அந்த அணி அதற்கு முன் பிரிட்டனுக்கு வடக்கே ஷெட்லண்ட் தீவுகளில் இருந்தது. குளிரிலிருந்து நேராகக் காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை வாவிக்கு வந்தார்கள். பர்ச்சல் வந்து சேர்ந்தது ஏப்ரல் 2. நான்காம் தேதி விடியலில் தெற்கே ரோந்துக்குக் கிளம்பினார். நாள் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பவேண்டிய நேரத்தில், தொடுவானத்தில் கறுப்பாகச் சில புள்ளிகள். கிட்டே போய்ப் பார்த்தால் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள். பேர்ல் ஹார்பரை அடித்த அதே ஆள்.

கட்டலினா மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடுவதற்கே மூச்சு வாங்கும். துரத்தி வந்தவை ஜப்பானின் ஜீரோ போர் விமானங்கள். மேகமும் இல்லை. ரேடியோ ஆபரேட்டர் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். பர்ச்சல் உட்பட ஆறு பேரை ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். 1945 வரை சிறை. அனுப்பிய செய்தி கொழும்புக்குக் கிடைத்துவிட்டது. மறுநாள், ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். அதற்குள் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவற்றைப் பிரிட்டிஷார் வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்படியும் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் குரூசர் போர்க்கப்பல்களை ஜப்பானியர் நடுக்கடலில் தேடிப்பிடித்து மூழ்கடித்தார்கள்.

இந்த ஒரு நாளுக்காகத்தான் இந்த விமானம். இனி பிளாஸ்டிக்குக்கு வருவோம்.

பிப்ரவரி 15

ஒரு அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். என் தொழில் பல் செட் செய்வது. லேபில் கோல்ட் கியூர் அக்ரிலிக் (சூடாக்காமலே இறுகும் பிளாஸ்டிக் கலவை) எப்போதும் கையருகே இருக்கும். பட்டிக்குப் பதிலாக அதையே சக்கரக் குழி விளிம்பில் பூசினேன். கல் மாதிரி இறுகியது, நன்றாகத் தேய்ந்தது, நான் ரொம்பப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் சுற்றிலும் உடல் ஒரு நாலணா அளவுக்கு உள்வாங்கியிருக்கிறது. அக்ரிலிக் கலக்கும் மோனோமர் திரவம் கிட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பதினெட்டு வருடமாக அந்தத் திரவத்தோடு வேலை செய்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

இடது பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தகடு வைத்தேன். இந்த முறை இரட்டைக் குழல் எபாக்ஸிப் பசை.

பிப்ரவரி 16

இடுக்கில் சமையல் சோடா தூவி ஃபெவிக்விக் விட்டால் போதுமே என்கிறீர்கள். ஆமாம், அது எனக்கும் தெரியும். சின்ன இடுக்குக்குச் சரி. உள்ளங்கை அகலத்துக்குப் போட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். உப்புத்தாள் போட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேயும், சோடா மேடாக நிற்கும். கட்டலினாவின் வயிறு நீண்ட வளைவு. அதில் மேடு இருந்தால் பெயின்ட் அடித்த பிறகு விளக்குப் போட்டதுபோலத் தெரியும்.

பிப்ரவரி 19

சக்கரத்தை அடைக்க முடிவு செய்வதற்கு முன்பே மூக்கில் 60 கிராம் தூண்டில் ஈயம் வைத்து ஒட்டிவிட்டேன். சக்கரத்தில் நிற்கும் கட்டலினாவுக்கு மூக்கில் கனம் இல்லையென்றால் வாலில் உட்கார்ந்துவிடும், கிட்டின் வழிகாட்டித் தாளே சொல்கிறது. இப்போது சக்கரமே இல்லை. ஈயம் உள்ளே இருக்கிறது. உடலின் இரு பாதியையும் ஒட்டியாயிற்று. இருந்துவிட்டுப் போகட்டும், கனம் இருந்தால் கையில் எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

(ஜூலையில் சேர்த்தது: இருந்துவிட்டுப் போகவில்லை. கீழே பாருங்கள்.)

மார்ச் 2

இந்த வாரம் முழுக்க ரிவெட், அதாவது உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணிகளின் தலைப் புள்ளிகள். கிட்டில் தகட்டு மூட்டுக் கோடுகள் இருக்கின்றன, ஆனால் ரிவெட் வரிசை பெரும்பாலும் இல்லை. அசலின் உடலைப் புகைப்படத்தில் பார்த்தால் ரிவெட்தான் தோல். வெயில் சாய்வாக விழும்போது முழு விமானமும் எலுமிச்சைத் தோல்போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

முதலில் தையல்காரர் துணியில் புள்ளி போடும் பல்சக்கரத்தை வாங்கி வந்தேன். நாற்பது ரூபாய். பல்லுக்குப் பல் இரண்டரை மில்லிமீட்டர். 48-ஆல் பெருக்கினால் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு ரிவெட். அப்படி ஒரு விமானம் இருந்தால் அது தண்ணீரில் இறங்கும்போதே பிரிந்துபோகும். அப்புறம் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் பழைய கைக்கடிகாரங்களிலிருந்து கழற்றிய சின்னப் பல்சக்கரங்களை ஒரு ஃபிலிம் டப்பா நிறையக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, எதற்கு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "சரி, அதுவும் நேரம் போகிற வழிதானே" என்றார்.

அதில் ஒன்றைப் பல் மருத்துவக் கருவியின் கைப்பிடியில் ஊசி அச்சு வைத்துப் பொருத்தினேன். டைமோ டேப்பை (தடித்த லேபிள் டேப்) ஓரமாக ஒட்டிக்கொண்டு உருட்டினால் நேர்க்கோடு. ஒரு பக்க உடலுக்கு ஐந்து மாலைகள்.

மார்ச் 3

திருத்தம். நேற்று அரை மில்லிமீட்டர் இடைவெளி என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். அளந்து பார்த்தேன், 0.6. அசலில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எனக்குப் போதும்.

இன்னொன்று, இறக்கையின் பின்பாதியில் ரிவெட் உருட்டாதீர்கள். அங்கே உலோகம் இல்லை, துணி. பின் குறுக்குத்தண்டுக்குப் பின்னால் உள்ள இறக்கைப் பகுதி, எய்லரான் என்ற அசையும் மடல், வால் சுக்கான் எல்லாம் துணி போர்த்தி, அதை இறுக்கும் டோப் என்ற பூச்சு பூசியவை. நானே ஒரு சாண் தூரம் உருட்டிவிட்டுத்தான் நினைவு வந்து பட்டி வைத்து மூடினேன். கிட்டில் அந்தத் துணி காய்ந்த அப்பளம்போலத் தொங்குகிறது. அசல் துணி மத்தளம் மாதிரி இறுக்கமாக இருக்கும். 600 நம்பர் உப்புத்தாளால் பாதி மேட்டைத் தேய்த்து எடுத்தேன்.

மார்ச் 16

கண்ணாடிக் குமிழ்கள்.

கட்டலினாவின் முகம் முன்னால் இல்லை, இடுப்பில் இருக்கிறது. இருபுறமும் கண்ணீர்த்துளி வடிவத்தில் பெரிய கண்ணாடிக் குமிழ். பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் அதில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒருவரின் வேலை. கிட்டில் வரும் குமிழ் இரண்டு மில்லிமீட்டர் தடிமன். அசலில் அது பத்து சென்டிமீட்டர் கண்ணாடி என்றாகிறது. உள்ளே வைத்த துப்பாக்கி சோடா பாட்டில் அடிப்பாகத்தின் வழியாகப் பார்த்ததுபோல நெளிகிறது.

இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. பல் கம்பி போட்டு எடுத்தவர்களுக்கு ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறை கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பல்லின் அச்சின் மேல் சூடான தகட்டை இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த வேக்யூம் ஃபார்மர் எங்கள் லேபில் இருக்கிறது. முதலாளிக்குத் தெரியும், தகட்டுக்குக் காசு கொடுத்துவிடுகிறேன்.

கிட்டின் குமிழுக்குள் டை ஸ்டோன் (பல் அச்சுக்கான கடினமான சுண்ணக் கலவை) ஊற்றி அச்சு எடுத்தேன். முதல் குமிழ் பனி படிந்த கண்ணாடி மாதிரி வந்தது. கல்லின் சொரசொரப்பு அப்படியே தகட்டில் பதிந்துவிடும். சாதாரண உறைக்கு அது பரவாயில்லை, விமானத்துக்கு ஆகாது. அச்சின் மேல் ஃபெவிக்விக்கை மெல்லியதாகத் தேய்த்து, 2000 நம்பர் தாள், பிறகு பியூமிஸ், பிறகு பல் செட் மினுக்கும் பசை. அச்சில் என் மூக்கு தெரிந்த பிறகுதான் அடுத்த தகடு.

இரண்டாவது சிக்கல் சூடு. தகடு நடுவில் ஒரு விரல்கணு அளவு தொங்கும்போது இறக்க வேண்டும். முன்னால் இறக்கினால் ஓரம் படியாது. தாமதித்தால் உச்சி மெலிந்து நகத்தால் அழுத்தினாலே குழியும். ஒன்பது வீண், பத்தாவது நன்று, பதினொன்றாவது அதைவிட நன்று. பன்னிரண்டாவது ஆசைப்பட்டுச் செய்தது, வீண்.

1 மில்லிமீட்டர் தகடு இழுபட்டு உச்சியில் அரை மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறது. அசல் கணக்கில் அதுவும் தடிமன்தான், ஆனால் கண் நம்பிவிடுகிறது.

மார்ச் 17

"எனக்கு இரண்டு செட் எடுத்துக் கொடுப்பீர்களா" என்று ஆறு பேர். தர முடியாது, தப்பாக நினைக்காதீர்கள். லேப் மெஷின் என் வீட்டுச் சொத்து இல்லை. உங்கள் ஊரிலும் பல் லேப் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். அந்த வேலை செய்கிறவர்களுக்கு நாள் முழுக்கப் பல் பார்த்து அலுத்திருக்கும், விமானம் என்றால் ஆசையாகச் செய்வார்கள்.

ஏப்ரல் 4

தேதியைப் பார்த்துத்தான் இன்று உட்கார்ந்தேன். துப்பாக்கிகள்.

கிட்டில் வருவது தடித்த அமெரிக்க .50 துப்பாக்கி. பிரிட்டிஷ் கட்டலினாவின் குமிழ்களில் இருந்தது .303 விக்கர்ஸ், தலைமேல் தட்டையான வட்டப் பெட்டி வைத்தது. அந்தப் பெட்டிக்கு ஸ்ப்ரூவை (கிட் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் கம்பி) டிரில்லில் சுழலவிட்டு அரத்தால் தட்டையாக்கி அறுத்தேன். குழலுக்கு ஊசிமருந்து ஊசி.

செய்து வைத்துப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. அந்தச் சின்னக் குழலை வைத்துக்கொண்டு ஜீரோ கூட்டத்துக்கு எதிரில். அளவுக்குச் செய்தால்தான் இது கண்ணில் படுகிறது. படித்தபோது படவில்லை.

ஏப்ரல் 20

"உள்ளே இவ்வளவு வேலை செய்கிறீர்களே, மூடிய பிறகு யார் பார்ப்பார்கள்?"

யாரும் பார்க்க மாட்டார்கள். படுக்கைகள், சின்ன அடுப்பு, வழிகாட்டியின் மேசை, அதன் மேல் வரைபடம் என்று என் பெண் வரைந்து கொடுத்த துணுக்கு, எல்லாம் உடலுக்குள் போய்விட்டது. குமிழ் வழியாக டார்ச் அடித்தால் படுக்கையின் ஒரு மூலை தெரியும்.

ஆனால் ஒரு இடம் மட்டும் பார்க்கத்தக்கது. இறக்கையை உடலோடு இணைக்கும் தூண் இருக்கிறதே, அதற்குள் ஃப்ளைட் எஞ்சினியரின் இருக்கை. தலைக்கு இருபுறமும் சின்னச் சன்னல். எஞ்சின் மானிகள் எல்லாம் அவர் முன்னால். விமானியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, விளக்குச் சமிக்ஞைகளால் பேசிக்கொள்வார்கள். அணைத்தால் ஒன்று, எரிந்தால் ஒன்று. மாமியார் மருமகள் மாதிரி என்று என் மனைவி சொன்னாள். அந்தச் சன்னலுக்குப் பின்னால் ஒரு தோளும் தலையும் மட்டும் செய்து வைத்தேன்.

மே 9

பெயின்ட். சென்னை மே மாதத்தில் லாக்கர் பெயின்ட் அடிக்காதீர்கள் என்று எனக்கே நான் எழுதி ஒட்டியிருந்தேன், அப்படியும் அடித்தேன். மதியம் ஒரு மழை தூறிவிட்டுப் போனது. அறையில் புழுக்கம். ஏர்பிரஷ் வைத்த ஐந்து நிமிடத்தில் இறக்கை முழுக்க வெள்ளை பூத்துவிட்டது, சாம்பல் பூசணிக்காய்போல. காற்றின் ஈரம் காயாத பெயின்ட்டின் மேல் படிவதால் வருவது. மெல்லிய தின்னரை மறுபடி லேசாக ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். எனக்கும் போனது. இரண்டாவது கோட்டைப் படுக்கையறையில் ஏசி போட்டு, சன்னலில் அட்டைப் பெட்டி கட்டி அடித்தேன். அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு இங்கே வேண்டாம்.

நிறம்: மேலே கடற்படைப் பக்கம் வழங்கிய இரண்டு சாம்பல்கள், ஒன்று அடர் கடற்சாம்பல், மற்றது பச்சை கலந்த ஸ்லேட் சாம்பல். அடியில் 'ஸ்கை' என்கிற வெளிர் பச்சை. இரண்டு சாம்பலுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. மாஸ்கிங் டேப்பை எடுத்ததும் "இதற்கா மூன்று நாள்" என்று தோன்றும். தூரத்திலிருந்து பார்த்தால்தான் விளிம்பு கலைந்து கடலில் கரைவது புரியும்.

மே 24

டெக்கால், அதாவது அச்சிட்ட சின்னங்களின் மெல்லிய ஒட்டுப்படங்கள், ஒட்டியாயிற்று! இந்தியப் பெருங்கடல் விமானம் என்பதால் நீலத்துக்குள் வெளிர்நீலம் வைத்த வட்டச் சின்னம் போட்டேன். சிவப்பு கிடையாது, சிவப்பைப் பார்த்தால் ஜப்பான் என்று நம்மாட்களே சுட்டுவிடுவார்கள். இறக்கையில் மிக அழகாக உட்கார்ந்திருக்கிறது. படம் கீழே.

மே 24, இரவு 11.40

கனடாவிலிருந்து ஒரு அண்ணன் ஒரே வரி எழுதியிருக்கிறார். "தம்பி, தேதி என்ன?"

1942 ஏப்ரல் 4.

வெளிர்நீலச் சின்னம் அதற்குப் பிந்தியது. அந்தச் சின்னத்துக்குரிய நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் வந்ததே 1943 இறுதியில். சிவப்பை எடுக்கச் சொன்னதும் பர்ச்சல் விழுந்ததற்குப் பிறகுதான். இரண்டு நாள் முன்பு வந்து சேர்ந்த விமானத்தில் சிவப்பு நடுவட்டம் இருந்தே தீரும்.

சக்கரம் இருக்கக் கூடாது என்று ஊரைக் கூட்டிப் பாடம் எடுத்தவன் நான். வாயை மூடிக்கொண்டு செலோடேப்பை எடுக்கிறேன்.

மே 25

எடுத்தாயிற்று. நல்லவேளை, மேலே வார்னிஷ் அடிக்கவில்லை. செலோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தேன். இடது இறக்கையில் கொஞ்சம் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. புதுச் சின்னத்தை டெக்காலில் தேடவில்லை, வட்டம் வெட்டும் காம்பஸால் டேப் வெட்டிப் பெயின்ட்டாகவே அடித்தேன். டெக்காலைவிட இதுதான் நன்றாக இருக்கிறது. வேறு வழியில்லாமல் செய்தது நன்றாக அமைந்தால் அதைத் திட்டமிட்டதாகச் சொல்லிக்கொள்வது எங்கள் தொழில் வழக்கம்.

ஜூன் 8

அழுக்கு ஏற்றும் வேலை. அதிலும் ஒரு பின்வாங்கல். வெயிலில் வெளுத்த இறக்கை, உப்புப் படிந்த உடல், எஞ்சின் மேலிருந்து பின்னால் ஓடும் புகைக் கோடு என்று கருவாடு காயப்போட்டதுபோல வெளுக்க வைத்தேன். இரண்டு நாள் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உறைத்தது. ஷெட்லண்டிலிருந்து வந்த அணி. இலங்கை வெயில் பட்டது இரண்டே நாள். வெளுக்க எங்கே நேரம்?

புகைக் கோடு சரி, நீண்ட தூரம் பறந்து வந்தது. கட்டலினாவுக்குப் புகைபோக்கி எஞ்சின் கூட்டின் மேல் பக்கம், அதனால் கறை இறக்கையின் முதுகில்தான் விழும். நீர்மட்டத்துக் கோடும் சரி. வெளுப்பு மட்டும் தப்பு. மெல்லிய சாம்பலை மறுபடி ஓட்டி அடக்கியிருக்கிறேன். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 21

இந்த உரையாடல் இழை தடம் மாறுகிறது என்று தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

என் பாட்டி செங்குன்றம் பக்கம். "ஏரியில் ஏரோப்ளேன் இறங்கும், நாங்கள் கரையில் நின்று பார்ப்போம்" என்று சொல்வாள். புழல் ஏரியில் விமானமா? நாங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சிரிப்போம். "இறக்கை தலைக்கு மேல் இருக்கும், வயிறு படகு மாதிரி" என்று கையால் காட்டுவாள். இன்னும் சிரிப்போம்.

1942 முதல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன் அந்த ஏரியில்தான் இருந்தது. கட்டலினாக்கள். வங்காள விரிகுடா ரோந்து, எதிரிப் பகுதிக் கரையோரம் போய் ஆட்களை இறக்கிவிடும் ரகசிய வேலைகள். 'ரெட் ஹில்ஸ் லேக்' என்று ஆவணங்களில் அப்படியே இருக்கிறது. இதை நான் தெரிந்துகொண்டபோது பாட்டி போய் ஏழு வருடம்.

நான் பிய்த்து எறிந்த வெளிர்நீலச் சின்னம் போரின் பின்பாதியில் செங்குன்றத்து விமானங்களுக்குப் பொருந்தும். அந்தத் தாளில் இன்னொரு செட் மிச்சம் இருக்கிறது.

ஜூன் 22

ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கம் இருந்து ஒரு நண்பர்: "கொக்கலை என்றால் எங்கள் ஊர் விமான நிறுவனமான குவாண்டாஸின் விமானத்தை அல்லவா கட்டவேண்டும்?" நியாயமான ஆசை. 1943 நடுவிலிருந்து 1945 ஜூலை வரை பெர்த்திலிருந்து கொக்கலைக்கு ஐந்து கட்டலினாக்கள் ஓடின. சிங்கப்பூர் விழுந்துவிட்டதால் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போகும் பழைய வான்வழி அறுந்துபோயிருந்தது. நடுவில் எங்கும் இறங்காமல், ரேடியோ பேசாமல், நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்து. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். பயணிகள் மூன்றே பேர். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்ப்பார்கள், அதற்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். மொத்தம் 271 தடவை கடந்தார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. போர் முடிந்ததும் அந்த விமானங்களைக் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

அதற்கும் சக்கரம் கிடையாது என்பதை, சக்கரம் எங்கே என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியவர் கவனிக்கவும்.

ஜூலை 13

தண்ணீரிலிருந்து கரையேற்றும் வண்டி செய்தேன். சக்கரம் இல்லாத விமானம் சாய்தளத்தில் எப்படி ஏறும் என்றால், ஆட்கள் அரைக்கால் சட்டையோடு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, உடலின் இருபுறமும் தனிச் சக்கரக் கால்களை மாட்டுவார்கள். வாலுக்கு அடியில் ஒரு சின்ன வண்டி. அப்புறம் டிராக்டர் வைத்துப் பின்பக்கமாக இழுப்பார்கள். இந்தக் கால்களைப் பித்தளைக் குழாயில் பற்றவைத்தேன், சக்கரம் அச்சு எடுத்து ரெசினில் வார்த்தேன். இரண்டு வாரம்.

நிறுத்தினேன். விமானம் மெதுவாக, மரியாதையாகக் குனிந்து, மூக்கைத் தரையில் வைத்தது.

60 கிராம் ஈயம்.

ஜூலை 14

சிரித்து முடித்தீர்களா? கணக்குப் போட்டேன். சக்கரக் காலிலிருந்து ஈயம் 13 சென்டிமீட்டர் முன்னால். வால் 20 சென்டிமீட்டர் பின்னால். அப்படியென்றால் வாலில் 40 கிராம் போட்டால் மூக்கின் ஈயத்துக்குச் சரியாகும். எப்படிப் போடுவது, எல்லாம் ஒட்டியாயிற்றே?

கட்டலினாவின் வயிற்றில், குமிழ்களுக்குப் பின்னால், கீழ்நோக்கிச் சுடும் ஒரு துவாரம் உண்டு. அந்தக் கதவை நான் திறந்த நிலையில் செய்திருந்தேன். ஈயத்தைத் துணுக்காக வெட்டி, எபாக்ஸியில் தோய்த்து, பல் பிடுங்கும் நீண்ட இடுக்கியால் ஒவ்வொன்றாக அந்த வழியே வால் பக்கம் தள்ளினேன். பன்னிரண்டு துணுக்கு. இப்போது நிற்கிறது.

பன்னிரண்டில் ஒன்று ஒட்டவில்லை. விமானத்தைச் சாய்த்தால் உள்ளே உருளும் சத்தம் கேட்கிறது.

ஆகஸ்ட் 3

கம்பி. ஆன்டெனாவுக்குப் பல் கட்டும் மெல்லிய கம்பியைப் பயன்படுத்தலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் ஆக மெல்லியதே கால் மில்லிமீட்டர். 48 மடங்கு என்றால் பன்னிரண்டு மில்லிமீட்டர், கிணற்றுக் கயிறு. என் பெண்ணின் தலைமுடியைக் கேட்டேன், கொடுத்தாள், சுருள்முடி. கடைசியில் ஸ்ப்ரூவைத் தீயில் காட்டி இழுத்த இழைதான். ஊதுபத்தி நுனியைக் கிட்டே கொண்டுபோனால் தானாக இறுகும். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் அறுந்துவிடும், நான்கு தடவை அறுந்தது.

66 சென்டிமீட்டர் இறக்கை. அலமாரியில் நுழையவில்லை. ஃப்ரிட்ஜின் மேல் நிற்கிறது, மறுஉத்தரவு வரும்வரை.

ஆகஸ்ட் 19

இழையைத் தொடங்கியவர் நேற்று தனியாக எழுதினார். அவரும் அதே கிட்டை வாங்கியிருக்கிறார், சக்கரத்தோடுதான் கட்டப்போகிறாராம். பெட்டியில் மூக்குச் சக்கரத்தைக் காணவில்லையாம். என்னிடம் உபரியாக இருக்குமா என்று கேட்டார்.

என் கிட்டின் மூன்று சக்கரங்களையும் பஞ்சில் சுற்றி இன்று காலை கூரியர் போட்டாயிற்று. தூண்டில் ஈயமும் ஒரு பொட்டலம் சேர்த்து வைத்தேன்.